எந்தக் கல்லூரி, எந்தப் பாடம்? நான்கு நாள்களில் ஒரு வாழ்நாள் முடிவு

புது தில்லி: உத்தரப் பிரதேச மாநிலம் முசாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் பிரிவில் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தை உறுதி செய்ய ரூ. 17,500 செலுத்த வேண்டும். அதற்குக் கிடைத்த அவகாசம் நான்கு நாள்கள். ஊராரிடம் கேட்டுப் பணத்தைத் திரட்டிய அந்தக் குடும்பத்தால் ஜூன் 24 மாலை 5 மணிக்குள் இணையவழியில் அதைச் செலுத்தி முடிக்க இயலவில்லை. இடம் கைநழுவியது.

தலித் சமூகத்தைச் சேர்ந்த அந்த மாணவருக்கு அதுவே நுழைவுத் தேர்வு எழுதுவதற்கான கடைசி வாய்ப்பு. பல அமைப்புகளின் கதவுகளைத் தட்டிய அவர், அவ்வாண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தையும் அணுகினார். முடிவில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஏற்கெனவே சேர்ந்த எவரும் பாதிக்கப்படாத வகையில் கூடுதல் இடம் உருவாக்கி அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு 2024 செப்டம்பர் 30 அன்று உத்தரவிட்டது.

நீதிமன்றம் வரை வந்ததால் ஒரு மாணவரின் அவலம் நாட்டுக்குத் தெரிந்தது. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை உள்ள எல்லா வீடுகளிலும் இதே அவசரம்தான். கலந்தாய்வின் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடம் முன்வைக்கப்படுகிறது. ஏற்பதா, காத்திருப்பதா, வேறிடம் போவதா என்பதைச் சில நாள்களில் முடிவு செய்தாக வேண்டும். அத்தனை வீடுகளிலும் கேள்வி ஒன்றே: படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

அந்தக் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் தில்லியில் உள்ள மனிதவள மேம்பாட்டு ஆய்வு நிறுவனமும் இணைந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம் மட்டுமே. வசதியற்றவர்கள் கிடைத்த வேலையைச் செய்துவிடுகிறார்கள், படித்தவர்கள் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். எனினும், எந்தப் பட்டமானாலும் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது என்பதை இந்தப் புள்ளிவிவரம் தெளிவாக்குகிறது. எந்த நிறுவனத்தில், எந்தப் பாடத்தில், எவ்வளவு செலவில் என்பதெல்லாம் இப்போது கணக்கில் வருகின்றன.

பெயரா, பிரிவா?

நாட்டில் உள்ள 23 ஐ.ஐ.டி.கள், 31 என்.ஐ.டி.கள், மத்திய நிதியுதவி பெறும் பிற தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு 2015 முதல் 'ஜோசா' எனப்படும் கூட்டு இட ஒதுக்கீட்டு ஆணையம் ஒரே கலந்தாய்வை நடத்துகிறது. 2025இல் ஐ.ஐ.டி.க்கான மேல்நிலை நுழைவுத் தேர்வில் 54,378 பேர் தகுதி பெற்றனர். ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 18,160. அதாவது தகுதி பெற்ற மூவருக்கு ஓரிடம்.

மாணவர் தாம் விரும்பும் நிறுவனங்களையும் பிரிவுகளையும் முன்னுரிமை வரிசையில் பட்டியலிட வேண்டும். தரவரிசைக்கு ஏற்ப, அந்தப் பட்டியலில் எட்டக்கூடிய மிக உயர்ந்த இடத்தைக் கணினி ஒதுக்கும். ஒதுக்கிய பிறகு மூன்று வழிகள் உண்டு. இதுவே போதும் என்று நின்றுகொள்வது 'ஃப்ரீஸ்'. இதே நிறுவனத்தில் மேலான பிரிவு கிடைத்தால் மாறிக்கொள்வது 'ஸ்லைடு'. எந்த நிறுவனமானாலும் பட்டியலில் இதற்கு மேலே உள்ள இடம் கிடைத்தால் மாறிக்கொள்வது 'ஃப்ளோட்'. மேலான இடம் கிடைத்த நொடியே பழைய இடம் தானாக நீங்கிவிடும். பிறகு மனம் மாறினாலும் அது திரும்பக் கிடைக்காது. ஆகவே உண்மையான முடிவு, இடம் கிடைத்த பிறகு எடுப்பதன்று. பட்டியலை வரிசைப்படுத்தும் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பல குடும்பங்கள் இதைப் பின்னர்தான் உணர்கின்றன.

வரிசைப்படுத்தும்போது எழும் முதல் சிக்கல், பழைய ஐ.ஐ.டி.யில் கிடைக்கும் பிரிவா, புதிய ஐ.ஐ.டி.யில் விரும்பும் பிரிவா என்பது. கரக்பூர் ஐ.ஐ.டி. 1951இலும், சென்னை ஐ.ஐ.டி. 1959இலும் தொடங்கப்பட்டவை. காந்திநகர், ஹைதராபாத், இந்தூர், மண்டி உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் 2008-09இல் வந்தன. பாலக்காடு, திருப்பதி, ஜம்மு, கோவா முதலியவை 2015-16இல் வந்தவை. மும்பை ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் பிரிவு பொதுப் பட்டியலில் முதல் நூறு தரவரிசைக்குள்ளேயே நிரம்பிவிடுகிறது. பல ஆயிரம் தரவரிசை பெற்றவருக்கு முன் இருப்பவை, பழைய நிறுவனத்தில் உலோகவியலோ கட்டடப் பொறியியலோ, அல்லது புதிய நிறுவனத்தில் மின்னணுவியலோ கணினியோதான்.

இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. பழைய நிறுவனங்களுக்கு வரும் ஆலோசனை, நிதி, தரவுப் பகுப்பாய்வு நிறுவனங்களில் பல, எந்தப் பிரிவு மாணவரையும் தேர்வுக்கு அனுமதிக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேல் படித்து வெளியேறிய முன்னாள் மாணவர்களின் பின்பலமும் அங்கு உண்டு. மறுபுறம், இயந்திரம், மின்சாரம், மென்பொருள் எனத் துறை சார்ந்த பணிகளுக்கு வருவோர் பிரிவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எந்தத் துறையில் நாட்டம் என்பது தெளிவாக இருப்பவருக்குப் பிரிவும், இன்னும் தெளிவு வராதவருக்கு நிறுவனமும் பொருந்தும் என்பது பொதுவான வழிகாட்டல். முதலாண்டு மதிப்பெண்ணைக் கொண்டு பிரிவு மாறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் சேர்வது மட்டும் ஆபத்தானது. மாணவர்களுக்கு அது பெரும் மன அழுத்தம் தருகிறது என்று கூறிச் சில ஐ.ஐ.டி.கள் அந்த வசதியையே கைவிட்டுவிட்டன.

கோடியின் பின்னால் இருக்கும் கணக்கு

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும்போது குடும்பங்களின் காதில் முதலில் விழுவது கோடி ரூபாய் ஊதியம்தான். அந்தச் செய்தியின் மறுபக்கத்தை மும்பை ஐ.ஐ.டி.யே வெளியிட்ட 2023-24ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு அறிக்கை காட்டுகிறது. அவ்வாண்டு 22 பேர் ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணிகளை ஏற்றனர். பணியை ஏற்றவர்கள் மொத்தம் 1,475 பேர். அதாவது நூற்றுக்கு இருவர்கூட அந்த உச்சத்தைத் தொடவில்லை. சராசரி ஆண்டு ஊதியம் ரூ. 23.5 லட்சம். ஆனால் அனைவரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறும் தொகை, அதாவது இடைநிலை ஊதியம், ரூ. 17.92 லட்சம். ஒரு சிலரின் மிக உயர்ந்த ஊதியம் சராசரியை மேலே இழுத்துவிடுகிறது. மிகக் குறைந்த ஊதியம் ரூ. 4 லட்சம்.

வேலை பெற்றோர் விகிதத்திலும் கவனம் தேவை. அந்த அறிக்கையின்படி பதிவு செய்தவர்கள் 2,414 பேர். தேர்வு நடைமுறைகளில் முனைப்புடன் பங்கேற்றவர்கள் 1,979 பேர். பங்கேற்றவர்களைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 75 சதவீதத்தினருக்கு வேலை கிடைத்திருக்கிறது. பதிவு செய்தவர்களைக் கொண்டு கணக்கிட்டால் அது 61 சதவீதம். இரண்டும் உண்மையான எண்களே. எதை எதனால் வகுத்தார்கள் என்பதைக் கேட்காதவருக்குத்தான் ஏமாற்றம். மேற்படிப்பு, சொந்தத் தொழில், குடிமைப் பணித் தேர்வு என்று போகிறவர்கள் வளாக நேர்காணலுக்கு வராமல் இருப்பதுண்டு. ஆகவே எஞ்சிய அனைவரும் வேலையற்றவர்கள் என்றும் கொள்ளலாகாது.

அறிவிக்கப்படும் தொகைகூட மாதந்தோறும் கைக்கு வரும் சம்பளம் ஆகாது. நிறுவனம் ஓர் ஊழியருக்காகச் செய்யும் மொத்தச் செலவு அது. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, பணிக்கொடை, ஒருமுறை மட்டும் தரப்படும் சேர்க்கை ஊக்கத்தொகை, சில ஆண்டுகள் கழித்தே கைக்கு வரும் பங்குகள் ஆகியவை அதில் சேர்ந்திருக்கலாம்.

முதல் வரிசை நிறுவனத்திலேயே இப்படி என்றால் மற்றவற்றின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.ஐ.டி.களில் பி.டெக். மாணவர்களின் வளாக வேலைவாய்ப்பு 2021-22க்கும் 2023-24க்கும் இடையில் வழக்கத்துக்கு மாறாகச் சரிந்திருப்பதை, திக்விஜய் சிங் தலைமையிலான கல்வித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சில் அளித்த அறிக்கையில் சுட்டிக்காட்டியது. கரோனா தொற்றுக்குப் பின் மென்பொருள் நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு ஆள் எடுத்த ஆண்டு 2021-22. அந்த ஆண்டின் எண்ணை நம்பிச் சேர்ந்தவர், நான்காண்டு கழித்து முற்றிலும் வேறொரு சந்தையில் வெளியே வருகிறார்.

தரவரிசை சொல்வதும் சொல்லாததும்

விளம்பரங்களை நம்பாதவர்கள் நாடுவது, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை. 2016 முதல் வெளியாகும் இப்பட்டியலில் பொறியியல் நிறுவனங்களுக்குக் கற்பித்தல் வசதிகள் 30, ஆய்வு 30, பட்டதாரிகளின் நிலை 20, அனைவரையும் உள்ளடக்குதல் 10, மதிப்பீட்டாளர்களின் கருத்து 10 என மதிப்பெண் பிரிக்கப்படுகிறது. இளநிலை மாணவரின் வேலைக் கனவோடு நேரடித் தொடர்புடையது இதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆய்வுக் கட்டுரைகளால் முன்னேறிய நிறுவனம், இளநிலைப் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பிலும் முன்னிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆயினும் இந்தப் பட்டியலில் வெளியே தெரியாத ஒரு பயன் உண்டு. தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள், உரிய காலத்தில் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், வேலைக்குச் சென்றோர் எத்தனை பேர், அவர்களின் இடைநிலை ஊதியம் என்ன, மேற்படிப்புக்குச் சென்றோர் எத்தனை பேர் என்ற விவரங்களை ஆண்டுவாரியாக அளிக்க வேண்டும். அவ்வாறு அளித்ததைத் தங்கள் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். மூன்றாண்டு விவரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், விளம்பரப் பலகை சொல்லாத பலவற்றை அறியலாம்.

ஆனால் இந்த விவரங்கள் அனைத்தும் நிறுவனங்களே தருபவை. அவற்றின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கிய பொதுநல வழக்கில், 2025ஆம் ஆண்டுப் பட்டியலை வெளியிடச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு மார்ச்சில் இடைக்காலத் தடை விதித்தது. தடை நீங்கிய பின் செப்டம்பரில் பட்டியல் வெளியானது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது: தன் மாணவர்களில் எத்தனை பேர் வேலை பெற்றார்கள் என்று ஒரு கல்லூரி சொல்வதைச் சரிபார்ப்பவர் யார்?

தில்லிக் கல்லூரிகளின் வேறு கணக்கு

தலைநகரில் இதே குழப்பம் வேறு வடிவில் நடக்கிறது. 1922இல் நிறுவப்பட்ட தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புகளுக்கு ஏறத்தாழ 71,000 இடங்கள் உள்ளன. 2021இல் இந்துக் கல்லூரி, ராம்ஜஸ் கல்லூரி, ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி போன்றவற்றில் சில பாடங்களுக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் பெற்றவர்களுக்கே முதல் பட்டியலில் இடம் என்ற நிலை வந்தது. அடுத்த ஆண்டே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு, 'கியூட்', நடைமுறைக்கு வந்தது. பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணை ஓரங்கட்டும் இத்தேர்வைத் திரும்பப் பெற வேண்டும் என்று தமிழக சட்டப்பேரவை 2022 ஏப்ரல் 11 அன்று தீர்மானம் நிறைவேற்றியது.

இங்கும் மாணவர் கல்லூரியையும் பாடத்தையும் இணைத்து முன்னுரிமைப் பட்டியல் தர வேண்டும். புகழ்பெற்ற கல்லூரியின் பெயருக்காக, விருப்பமில்லாத பாடத்தைப் பட்டியலில் மேலே வைப்போர் பலர். முன்னணிக் கல்லூரிகளுக்கு வரும் ஆலோசனை, நிதி நிறுவனங்கள் பாடத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பது அவர்களின் வாதம். ஆனால் அத்தகைய நிறுவனங்கள் எடுப்பது சிலரைத்தான். மற்றவர்களுக்கு மேற்படிப்பே அடுத்த படி. பொருளாதாரத்திலோ புள்ளியியலிலோ முதுநிலை படிக்க விரும்புபவருக்கு இளநிலையில் கணிதம் படித்திருப்பது, கல்லூரியின் பெயரைவிடப் பயன்படும். குடிமைப் பணித் தேர்வுக்கோ எந்தப் பட்டமும் போதும். அதையே இலக்காகக் கொண்டவர், தமக்குப் பிடித்த பாடத்தைப் படிப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

புதிய கல்விக் கொள்கைப்படி 2022இல் சேர்ந்தவர்களிலிருந்து தில்லியில் இளநிலைப் படிப்பு நான்காண்டாக மாறியது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்துடன் வெளியேறவும் வழி உண்டு. நான்காண்டுப் படிப்பில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர் முதுநிலை படிக்காமலே ஆய்வுப் படிப்பில் சேரலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதி. ஆய்வை நாடுபவருக்கு நான்காம் ஆண்டு ஆதாயம். வேலையை நாடுபவருக்கு அது இன்னும் ஓராண்டு வாடகையும் உணவுச் செலவும். பல கல்லூரிகளில் விடுதி இல்லாத தில்லியில், வெளியூர் மாணவருக்குக் கல்லூரிக் கட்டணத்தைவிட இந்தச் செலவே அதிகம்.

கடனும் கட்டணமும்

வேலை வாய்ப்பைக் கணக்கிடும் குடும்பங்கள் பலவும் செலவைச் சேர்த்துக் கணக்கிடுவதில்லை. ஐ.ஐ.டி.களின் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2016இல் ரூ. 90,000லிருந்து ரூ. 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. அப்போதே பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆண்டு வருமானம் ரூ. 1 லட்சத்துக்கும் குறைவான குடும்பத்தினர் ஆகியோருக்கு முழு விலக்கும், ரூ. 1 லட்சம் முதல் ரூ. 5 லட்சம் வரை வருமானம் உள்ளோருக்கு மூன்றில் இரு பங்கு விலக்கும் அறிவிக்கப்பட்டன. அரசு நிறுவனத்தில் அதிகம் விரும்பப்படாத பிரிவையும், தனியார் பல்கலைக்கழகத்தில் கணினிப் பிரிவையும் ஒப்பிடுவோர் இந்த வேறுபாட்டை எடையிட்டாக வேண்டும்.

தனியார் இடத்துக்காக ரூ. 10 லட்சம் கடன் வாங்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ரூ. 13,200க்குச் சற்று மேல் வரும். படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் உயரும். ஆண்டுக்கு ரூ. 4 லட்சம் என்ற வேலையில் மாதம் கைக்கு வருவது ரூ. 30,000 அளவுதான். அதில் பாதியைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பெருநகரில் வாடகையும் கொடுத்து வாழ்வது எவ்வாறு என்பதை, கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், என்.ஐ.ஆர்.எஃப். அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட, தொடக்கத்தில் 860 ஆக இருந்த நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையோ உத்தரவாதமோ இன்றிக் கடன் தர வகை செய்கிறது. ரூ. 7.5 லட்சம் வரையான கடனுக்கு 75 சதவீதம் அரசே உத்தரவாதம் அளிக்கிறது. ஆண்டு வருமானம் ரூ. 8 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு ரூ. 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. இச்சலுகை ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டுமே. சேரப்போகும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முன்பே அறிந்துகொள்வது, இரு இடங்களுக்கு இடையிலான முடிவையே மாற்றக்கூடும்.

இன்னொரு கண்ணி முன்பணம். தனியார் பல்கலைக்கழகங்கள் மே மாதத்திலேயே பணம் கேட்கின்றன. அரசு நிறுவனங்களின் கலந்தாய்வோ ஜூலை, ஆகஸ்டில்தான் முடிகிறது. கட்டிய பணம் போய்விடுமே என்ற அச்சத்தில் நல்ல இடத்தை விட்டவர்கள் உண்டு. ஒருமுறை கட்டினால் திரும்ப வராது என்று கல்லூரி அலுவலகம் சொல்வதை அப்படியே ஏற்கத் தேவையில்லை. கல்விச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்றும், விலகும் நாளைப் பொறுத்து முழுத் தொகை முதல் பாதித் தொகை வரை திருப்பித் தர வேண்டும் என்றும் மானியக் குழு 2018இல் அறிவித்தது. 2024-25ஆம் கல்வியாண்டுக்குச் செப்டம்பர் 30 வரை விலகியோருக்கு முழுக் கட்டணமும், அக்டோபர் 31 வரை விலகியோருக்கு ரூ. 1,000க்கு மேல் பிடிக்காமலும் தர வேண்டும் என ஆணையிட்டது. இத்தகைய அறிவிப்பு ஆண்டுதோறும் மாறுவதால், அந்தந்த ஆண்டின் ஆணையைப் பார்த்து வைத்துக்கொள்வது அவசியம்.

வாசலுக்கு அப்பால்

மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இட ஒதுக்கீடு 2008இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. ஐ.ஐ.டி.களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதிருந்த பெண்களின் எண்ணிக்கையை உயர்த்த 2018 முதல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டு, 2020இல் 20 சதவீதம் இலக்காக்கப்பட்டது. சேர்க்கையில் இவை பெரும் மாற்றங்கள். ஆனால் படிப்பு முடிந்து வளாகத்துக்கு வரும் தனியார் நிறுவனங்களில் இட ஒதுக்கீடு இல்லை. நுழைவுத் தேர்வுத் தரவரிசையைச் சில நிறுவனங்கள் வேலைக்கான படிவத்தில் கேட்பதாகவும், அது ஒதுக்கீட்டில் வந்தவர்களை வடிகட்டும் வழி என்றும் புகார்கள் எழுந்துள்ளன.

இதனால்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது பொதுத்துறையையும் மனத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது. என்.டி.பி.சி., பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் 'கேட்' தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பொறியாளர்களை எடுத்துவந்துள்ளன. அங்கு இட ஒதுக்கீடு உண்டு. மத்தியத் தேர்வாணையத்தின் பொறியியல் பணித் தேர்வு கட்டடவியல், இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல் மற்றும் தொலைத்தொடர்பு ஆகிய நான்கு துறைகளுக்கே நடத்தப்படுகிறது. கணினி அறிவியலுக்கென ஒரு தாள் இல்லை. சந்தையில் மதிப்புக் குறைந்ததாகக் கருதப்படும் பிரிவுகளே இந்தக் கதவுகளைத் திறக்கின்றன.

கணினிப் பிரிவின் மதிப்பும் நிலையானதாகத் தெரியவில்லை. பொறியியல் கல்லூரிகள் ஒரு பிரிவில் வைத்துக்கொள்ளும் இடங்களுக்கு இருந்த உச்ச வரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 முதல் நீக்கியது. அதன்பின் கணினி இடங்களைக் கல்லூரிகள் பெருக்கத் தொடங்கின. மறுபுறம், நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. இடங்கள் பெருகி வேலைகள் இறுகும்போது, பட்டத்தின் பெயரைவிட எங்கு, எவ்வளவு ஆழமாகக் கற்றார் என்பதே மாணவரைக் காக்கும்.

ஆக, இரு இடங்கள் கையில் இருக்கும் குடும்பம் கேட்க வேண்டியவை சிலவே. பிரிவுவாரியாக இடைநிலை ஊதியம் என்ன? மொத்தம் படித்தவர்களில் எத்தனை பேர் வேலை பெற்றார்கள்? இந்த நிலை நல்ல ஆண்டிலும் மோசமான ஆண்டிலும் எப்படி இருந்தது? மேற்படிப்புக்கும் அரசுப் பணிக்கும் இந்தப் பட்டம் வழி விடுகிறதா? கடனின் மாதத் தவணை, நடுவில் நிற்பவரின் சம்பளத்தில் எத்தனை பங்கு?

படித்த பெற்றோரும், உறவில் பொறியாளர்களும், வழிகாட்டப் பயிற்சி மையமும் உள்ள வீடுகளில் இந்தக் கேள்விகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் விடை கிடைத்துவிடுகிறது. முசாஃபர்நகர்க் கூலித் தொழிலாளியின் வீட்டில் அந்த அழைப்புக்கு ஆள் இல்லை. அங்கே நான்கு நாள்களும் பணம் திரட்டுவதிலேயே கழிகின்றன.

இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. வேலை பெற்றோர், பெறாதோர், இடைநிலை ஊதியம் ஆகியவற்றைப் பிரிவுவாரியாக, சுதந்திரமான தணிக்கைக்கு உட்படுத்தி, கலந்தாய்வு தொடங்கும் முன்பே ஒரே வடிவில் வெளியிடச் செய்வது மத்திய அரசுக்கு இயலாத செயலன்று. கலந்தாய்வை நடத்தும் அதே இணையதளத்தில், ஒவ்வோர் இடத்தின் பெயருக்கும் எதிரே அந்த எண்களை அச்சிட்டுவிடலாம். உறுதிக் கட்டணத்தைச் செலுத்த ஒரு வார அவகாசமும், ஏழைக் குடும்பங்களுக்கு அதைப் பின்னர் செலுத்தும் வசதியும் தரலாம். அதைச் செய்யாத வரை, நுழைவுத் தேர்வில் சமமாக நின்ற இரு மாணவர்கள், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் சமமற்றவர்களாகிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அதைச் சரிசெய்ய உச்ச நீதிமன்றம் வரை வர எல்லோராலும் இயலாது.